கோப்பேங், பத்து காஜா: தனியாகக் காடி ஓட்டிப் போகிறவர்களுக்கு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ஒரு வார இறுதியைத் தனியாகக் கழிக்க வேண்டும், ஆற்றில் விழுந்து எழுந்து உடம்பு வலிக்க வேண்டும், சினிமா எடுத்த இடம் ஒன்றிரண்டையும் நிதானமாகப் பார்க்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வது கோப்பேங்கையும் பத்து காஜாவையும்தான். ஈப்போவுக்குப் போகிற பாதிப் பேர் வெள்ளைக் காப்பி குடித்து, சுவர் ஓவியத்துக்கு முன்னால் நின்று படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அங்கிருந்து கொஞ்சம் தெற்கே வந்தால் ஆறு, குகை, கெல்லி கோட்டை எல்லாம் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவில் ஒன்றுக்கொன்று பக்கத்திலேயே இருக்கின்றன. தனியாகப் போவதில் காசு கொஞ்சம் கூடும், அதையும் கீழே சொல்கிறேன். ஆனால் கோட்டைக்கும் அதன் பக்கத்தில் இருக்கும் மாரியம்மன் கோயிலுக்கும் தனியாகப் போனால்தான் சரி. இந்தக் கோயிலைப் பற்றித்தான் எனக்கு நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் பாதை. எங்கள் ஊர் பெஸ்தாரி ஜெயா, பெரியவர்கள் வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். அங்கிருந்து ரவாங் வந்து, நெடுஞ்சாலையில் ஏறாமல் பழைய சாலையிலேயே வடக்கே போனேன். செரெண்டா, பத்தாங் காலி, கெர்லிங், தஞ்சோங் மாலிம், சிலிம் ரிவர், சுங்காய், பீடோர், தாப்பா, கம்பார், அப்புறம் கோப்பேங். டோல் கிடையாது. இந்த வழியில் ஒவ்வொரு ஊரும் தோட்டத்தை நம்பியோ லம்பத்தை, அதாவது ஈயச் சுரங்கத்தை, நம்பியோ வளர்ந்த ஊர்தான், ஊர் எல்லையில் ஒரு கோயிலோ ஒரு தமிழ்ப்பள்ளியோ கண்ணில் படாமல் போகாது. செம்பனைக் குலை ஏற்றின லோரி முன்னால் போனால் அவசரப்பட்டு முந்தாதீர்கள், ஒரே தடச் சாலையில் எதிரே மோட்டார்கள் வரும், அதோடு லோரியிலிருந்து பழம் உதிர்ந்து விழும். பீடோரில் நிறுத்தி விதையில்லாக் கொய்யா வாங்கிக்கொண்டேன். கம்பாரில் கோழிக்கறியை ரொட்டிக்குள் வைத்துச் சுட்டு விற்கிறார்கள், பிரித்தால் ஆவி பறக்கும், அது இரண்டு மூன்று பேருக்கானது. தனியாகப் போகிறவர்கள் ஆசைப்பட்டு வாங்கினால் மீதியை ராத்திரிக்கு வைத்துச் சாப்பிடலாம்.

சரி, படகு. கோப்பேங்கில் ரப்பர் படகு விடுவது கம்பார் ஆற்றில். தித்திவங்சா மலைத்தொடரிலிருந்து இறங்கி வரும் ஆறு, பெரிய பெரிய கருங்கல் பாறைகளுக்கு நடுவே ஓடுகிறது. கடினம் ஒன்றிலிருந்து மூன்று வகுப்புக்குள்தான், அதனால் நீச்சல் சரியாகத் தெரியாதவர்களும் போகலாம். ஆனால் மூன்றாம் வகுப்பு என்பது சும்மா இல்லை, மழைக்கு அடுத்த நாள் தண்ணீர் கூடியிருந்தால் படகு பாறையில் ஏறி ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும்போது வயிறு கலங்கிவிடும்.

நான் பதிவு செய்த நிறுவனத்தின் பெயரை இங்கே போடவில்லை. வாட்ஸாப்பில் கேட்டபோது, ஒருவர் என்றாலும் பரவாயில்லை வாங்க என்றார்கள். காலையில் போய் நின்றால், ஒரு படகுக்குக் குறைந்தபட்ச ஆள் சேரவில்லை, மீதிப் பேருக்கான காசையும் நீங்களே கட்டினால் உடனே கிளம்பலாம், இல்லையென்றால் அடுத்த கூட்டம் வரும் வரை காத்திருங்கள் என்கிறார்கள். இதை முந்தின நாளே சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லாதது எனக்குச் சரியாகப் படவில்லை, அவர்களிடமே சொல்லிவிட்டு வந்தேன். அதனால் தனியாகப் போகிறவர்கள் பதிவு செய்யும்போதே மூன்றைக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: வேறு கூட்டத்தோடு சேர்த்து ஏற்றுவார்களா, எத்தனை மணிக்குக் கண்டிப்பாகக் கிளம்பும், மழை வந்து ரத்தானால் காசு திரும்ப வருமா. மூன்றுக்கும் நேராகப் பதில் சொல்கிறவர்களிடம் போங்கள்.

காத்திருந்ததில் ஒரு நல்லது நடந்தது. வடக்கேயிருந்து வந்த ஆசிரியர் கூட்டம் ஒன்று, எல்லாரும் தமிழ்ப்பள்ளிக்காரர்கள், அவர்களுடைய படகில் ஓர் இடம் காலியாக இருந்தது. அதில் மூத்த ஒரு அக்கா என்னைப் பார்த்து, "தனியாவா வந்தே தங்கச்சி? வா வா, எங்க போட்ல ஏறிக்க" என்று கூப்பிட்டுவிட்டார். அப்புறம் ஆறு முடியும் வரை என்னைத் தனியாக விடவே இல்லை, கரைக்கு வந்ததும் அவர்கள் கட்டிக்கொண்டு வந்த புளிச்சோற்றிலும் எனக்குப் பங்கு வந்தது. இந்த மாதிரி நடக்கும் என்று நம்பிப் போக முடியாது, ஆனால் நம் ஆட்கள் இருக்கிற இடத்தில் நடக்காமலும் போவதில்லை.

வழிகாட்டிகளைப் பற்றி முழு மனதோடு நல்ல வார்த்தை சொல்கிறேன். எங்களுக்கு வந்தவர் மேலே இருக்கும் செமாய் பழங்குடிக் கம்பத்தைச் சேர்ந்த இளைஞர், அந்த ஆற்றிலேயே வளர்ந்தவர். கிளம்பும் முன் தலைக்கவசத்தின் வாரையும் மிதவை உடுப்பின் வாரையும் ஒவ்வொருவருக்கும் தானே இழுத்துப் பார்த்தார். துடுப்பின் மேல் நுனியில் குறுக்காக ஒரு பிடி இருக்கும், கை அதை விட்டுப் போகவே கூடாது என்று திரும்பத் திரும்பச் சொன்னார். படகு குலுங்கும்போது அந்தப் பிடி பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் பல்லில் போய் அடிக்கும், பாறையில் அடிபடுகிறவர்களைவிட இதில் அடிபடுகிறவர்கள் அதிகம் என்றார். ஆற்றில் விழுந்தால் எழுந்து நிற்கப் பார்க்கக் கூடாது, கால் பாறை இடுக்கில் சிக்கினால் தண்ணீர் முதுகில் தள்ளி முகத்தை மூழ்கடித்துவிடும். மல்லாக்கப் படுத்து, கால் விரல் தண்ணீருக்கு மேலே தெரிகிற மாதிரி, பாதம் ஆறு போகிற திசையில் இருக்க வேண்டும், கயிறு வீசுவார்கள், அதைத் தோளுக்கு மேலே பிடித்துக்கொள்ள வேண்டும். இதைக் கரையில் படுக்கவைத்தே செய்யச் சொல்லிப் பார்த்தார். ஆசிரியர்களில் ஒருவர் நடுவில் உண்மையாகவே விழுந்தார், சொல்லிக்கொடுத்த மாதிரியே மிதந்து வந்தார், சிரித்துக்கொண்டே ஏறினார்.

ஒன்றை மட்டும் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். மேலே மலையில் மழை கொட்டினால், கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே ஆறு திடீரென்று ஏறி வரும். கெப்பாலா ஆயேர் என்பது இதுதான், நம் நாட்டில் அருவியிலும் ஆற்றிலும் உயிர் போவதற்குப் பெரிய காரணம். தெளிவாக இருந்த தண்ணீர் தே தாரிக், அதாவது பால் தேநீர், நிறத்துக்கு மாறுவது, இலையும் சுள்ளியும் மொத்தமாக மிதந்து வருவது, சத்தம் மாறுவது, இவை தெரிந்தால் படம் எடுக்க நிற்காமல் மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். பேராக்கில் மதியத்துக்கு மேல்தான் பெரும்பாலும் மழை பிடிக்கும். அதனால் காலைப் படகையே எடுங்கள். வழிகாட்டி மலைப் பக்கம் பார்த்துவிட்டு வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிடுங்கள், வாதாட வேண்டாம்.

குவா தெம்புருங் குகைக்கு இரண்டாம் இடம்தான் கொடுப்பேன், ஆனால் தவற விடாதீர்கள். கோப்பேங்கிலிருந்து கொஞ்ச தூரம், நெடுஞ்சாலையில் போகும்போது தெரியும் அந்தச் சுண்ணாம்புக் குன்றுக்குள்தான் இருக்கிறது. உள்ளே ஒன்றை அடுத்து ஒன்றாகப் பெரிய கூடங்கள், அடியில் ஓர் ஆறு. காய்ந்த வழியில் படிகளில் ஏறி இறங்கி வரலாம், ஈர வழியில் ஆற்றோடு தவழ்ந்து ஊர்ந்து வர வேண்டும், அதற்கு வழிகாட்டி வேண்டும், மழையில் அதை மூடிவிடுவார்கள், கிளம்பும் முன் கூப்பிட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். பிரிட்டிஷ் அரசு கம்யூனிஸ்டுகளோடு சண்டை போட்ட மலாயா அவசரகாலத்தில் அவர்கள் இங்கே ஒளிந்திருந்தார்கள், குகைக்குள்ளேயே ஈயமும் தோண்டியிருக்கிறார்கள். கிந்தா பள்ளத்தாக்கு முழுக்க அப்படித்தான், சுண்ணாம்பு மலைக்கு அடியில் ஈயம், அந்த ஈயத்துக்காகவே இந்த ஊர்கள். முட்டி தாங்காதவர்கள் படி ஏற்றத்தை யோசித்துப் போங்கள். வழுக்காத காலணி கட்டாயம், ரப்பர் செருப்போடு வந்தவர்கள் பாதியில் திரும்புவதைப் பார்த்தேன்.

நேரம் இருந்தால் உலு கெரோ. கோப்பேங்குக்கு மேலே செமாய் மக்கள் வாழும் இடம், அவர்களே வழிகாட்டிகளாக வந்து ரஃப்லேசியா பூவைக் காட்டுகிறார்கள். மொட்டு பல மாதம் இருக்கும், மலர்ந்தால் ஒரு வாரத்துக்குள் கறுத்துவிடும். அதனால் பூத்திருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு போங்கள். பூ இல்லாவிட்டாலும் கறுப்பும் பச்சையுமாக அந்த ராஜா புரூக் பட்டாம்பூச்சிகள் ஈர மண்ணில் கூட்டமாக உட்கார்ந்து உப்பு உறிஞ்சுவதைப் பார்க்கலாம்.

இனி கெல்லி கோட்டை. கோப்பேங்கிலிருந்து பத்து காஜா போகும் சாலையில், ராயா ஆற்றுக்கு அந்தப் பக்கம் மேட்டில் நிற்கிறது. வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர், 1870இல் பிறந்தவர், இருபது வயதில் மலாயாவுக்கு வந்து, சாலை போடும் குத்தகையில் காசு சேர்த்து, காட்டை அழித்து ரப்பர் போட்டு, ஈய லம்பத்திலும் இறங்கியவர். தன் சொந்த ஊரான கெல்லாஸின் பெயரைத் தோட்டத்துக்கு வைத்தார், அதுதான் கிந்தா கெல்லாஸ் தோட்டம். 1915இல் மகன் பிறந்த பிறகு இந்த மாளிகையை ஆரம்பித்தார். ஆறு மாடிக் கோபுரம், அதற்குள் மின்தூக்கி வைக்கத் திட்டம், மொட்டைமாடியில் விருந்து வைக்க இடம், இந்தியாவிலிருந்து வரவழைத்த செங்கல்லும் பளிங்கும். 1926இல் ஸ்மித் போர்ச்சுக்கலின் லிஸ்பன் நகரத்தில் நிமோனியாவில் இறந்துபோனார். வேலை அப்படியே நின்றது. மனைவி எல்லாவற்றையும் விற்றுவிட்டு ஊருக்குப் போய்விட்டார்.

படம் எடுத்த இடம் என்று வருகிறவர்களுக்கு: 1999இல் வந்த 'அன்னா அண்ட் தி கிங்' படத்தில் இந்தக் கோட்டை வருகிறது. ஜோடி ஃபாஸ்டரும் சோவ் யுன் ஃபாட்டும் நடித்தது. கதை தாய்லாந்து அரசரைப் பற்றியது, தாய்லாந்து அரசு அங்கே படம் பிடிக்க அனுமதி கொடுக்கவில்லை, அதனால்தான் படக்குழு மலேசியாவுக்கு வந்தது. போகும் முன் படத்தை ஒரு முறை போட்டுப் பார்த்துவிட்டுப் போனால் வளைவுகளையும் சுவர்களையும் அடையாளம் பிடிக்கிற சந்தோஷமே தனி. நான் கைத்தொலைபேசியில் சில காட்சிகளை நிறுத்திப் படம் பிடித்து வைத்துக்கொண்டு, கையில் காட்டிக் காட்டி ஒவ்வொரு மூலையாகத் தேடினேன். கூட யாராவது இருந்திருந்தால் பத்து நிமிடத்தில் போகலாம் என்று இழுத்திருப்பார்கள். தனியாக வந்ததன் அருமை இந்த இடத்தில்தான் புரிந்தது.

உள்ளே நான் அதிக நேரம் நின்றது மின்தூக்கிக்காக விட்ட இடத்தில். வெறும் செங்கல் சுவர், நாலு பக்கமும் மேலே போகிறது, உள்ளே எதுவும் இல்லை. பூச்சு விழுந்த இடத்தில் செங்கல்லைக் கிட்டே போய்ப் பாருங்கள். வரிசை கொஞ்சமும் பிசகாமல் கட்டியிருக்கிறார்கள், வளைவு திரும்பும் இடத்தில் ஒவ்வொரு கல்லையும் சாய்த்துச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். இதைக் கட்ட மெட்ராஸ் பக்கத்திலிருந்து எழுபது பேரைக் கொண்டுவந்தார் என்று கோட்டையின் கதையில் வருகிறது. 1918இல் உலகம் முழுக்கப் பரவிய ஸ்பானிய ஃபுளூ இந்தத் தோட்டத்துக்கும் வந்தது, அவர்களில் பலர் செத்துப்போனார்கள். வருகிறவர்கள் பேய் இருக்கிறதா, சுரங்கப்பாதை எங்கே என்றுதான் கேட்கிறார்கள். எனக்கு அந்தக் கேள்வியே எழவில்லை. என் பாட்டி சிலாங்கூர் தோட்டத்தில் பால்மரம் வெட்டினவர், அவருடைய அப்பா கப்பலில் வந்தவர், அந்தச் சுவரைப் பார்க்கும்போது எனக்குக் கட்டினவர்கள் ஞாபகம்தான் வந்தது.

அதனால்தான் சொல்கிறேன், கோட்டையோடு திரும்பிவிடாதீர்கள். கொஞ்ச தூரத்தில் மாரியம்மன் கோயில் இருக்கிறது. நோயில் ஆட்கள் செத்துக்கொண்டிருந்தபோது, ஆத்தாளுக்கு ஒரு கோயில் வேண்டும் என்று வேலையாட்கள் ஸ்மித்திடம் கேட்டார்கள், அவரும் ஒத்துக்கொண்டார் என்பது வழிவழியாக வரும் செய்தி. கோயிலுக்கு வெளியே நின்று கூரையை அண்ணாந்து பாருங்கள். சாமி சிலைகளுக்கு நடுவில் வெள்ளை உடுப்பும் தொப்பியும் போட்டு ஒரு வெள்ளைக்காரர் நிற்கிறார். ஸ்மித்துதான். நம் ஆட்கள் நன்றிக்காக அவரை அங்கே வைத்தார்கள். அவருடைய மாளிகை கூரையும் கதவும் முடியாமல் நிற்கிறது, ஆட்கள் கேட்டு வாங்கின கோயிலில் இன்னும் பூஜை நடக்கிறது. இரண்டையும் ஒரே நாளில் பார்க்காவிட்டால் இந்த இடத்தைப் பாதிதான் பார்த்ததாக அர்த்தம். நான் நின்ற நேரத்தில் கோட்டைக்குப் பேருந்து பேருந்தாக ஆள் வந்தது, கோயிலுக்கு ஒரு குடும்பம் மட்டும்தான் வந்தது. அர்ச்சனைத் தட்டோடு வந்த அந்தப் பெரியவரிடம் கேட்டால் தோட்டத்தில் வரிசை வீடுகள் எங்கே இருந்தன, லயத்து ஆட்கள் எந்த எந்தப் பக்கம் குடிபோனார்கள் என்று கையை நீட்டி நீட்டிக் காட்டினார். அதைக் கேட்க டிக்கெட் இல்லை. பேச நேரம் இருக்கிறவர்களுக்குச் சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

இன்னொரு படம் எடுத்த இடம் வேண்டுமென்றால் ஈப்போ பழைய நகரம். ஆங் லீ இயக்கி 2007இல் வந்த 'லஸ்ட், காஷன்' படத்தின் சில பகுதிகளை இங்கே எடுத்தார்கள், பழைய சீனக் கடைவீடுகள் அப்படியே இருப்பதால். காலை ஏழு ஏழரைக்குள் போனால் தெருவில் காடி நிற்காது, படம் நன்றாக வரும். எட்டரைக்கு மேல் காப்பிக் கடைக் கூட்டம். அங்கிருந்து புந்தோங் போய் கச்சாங் பூத்தே வாங்காமல் வராதீர்கள், நம் தமிழர்கள் பரம்பரையாக வறுத்து விற்கும் இடம், முறுக்கும் கடலையும் பட்டாணியும் சாக்குச் சாக்காக இருக்கும், சுவை பார்க்கக் கை நிறைய அள்ளித் தருவார்கள்.

ஈயக் கதையில் ஆர்வம் உள்ளவர்கள் பத்து காஜாவைத் தாண்டித் தஞ்சோங் துவாலாங் பக்கம் இருக்கும் பழைய ஈயக் கப்பலையும் சேர்த்துக்கொள்ளலாம். 1938இல் கட்டியது, 4,500 டன், குளத்தில் மிதந்துகொண்டே மண்ணை வாரி ஈயம் பிரித்த இயந்திரம். சின்னப் பிள்ளைகள் இருந்தால் கோட்டையைவிட இது பிடிக்கும்.

பெண்கள் தனியாகப் போகலாமா என்று கேட்பவர்களுக்கு: போகலாம், நான் போனேன், எங்கேயும் தொந்தரவு இல்லை. "தனியாவா?" என்று கேட்டவர்கள் அத்தனை பேரும் அக்கறையில் கேட்டவர்கள். ஆனால் படகுத்துறையில் உடை மாற்றும் அறைக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள், நான் போன இடத்தில் ஒன்றுக்குத்தான் இருந்தது. தங்குவதற்கு ஆற்றோரக் குடில்களில் பெரும்பாலும் ஆளுக்கு இவ்வளவு என்று வாங்காமல் அறைக்கு வாங்குகிறார்கள், தனி ஆளுக்கு அது இரட்டைச் செலவு. நான் கோப்பேங் ஊருக்குள்ளேயே ஒரு சாதாரண விடுதியில் தங்கினேன், பாதிக் காசில் முடிந்தது, இரவில் நடந்து போய்ச் சாப்பிடவும் கடைகள் உண்டு. மேலே ஆற்றுப் பக்கம் தொலைபேசிக் கோடு அடிக்கடி விட்டுப்போகும், அதனால் வீட்டுக்கு முன்னாடியே சொல்லிவிடுங்கள், வரைபடத்தையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வரிசை எப்படி என்று கேட்டால்: முதல் நாள் பழைய சாலையில் வந்து மதியம் குகை, இரண்டாம் நாள் காலை ஆறு, குளித்துச் சாப்பிட்டு மூன்று மணிக்கு மேல் கோட்டை, வெயில் தாழ்ந்ததும் கோயில். கோட்டைக்கு மாலையில் டிக்கெட் நிறுத்திவிடுவார்கள், கோயில் சாயங்காலப் பூஜைக்குத் திறக்கும், அதனால் இந்த வரிசைதான் பொருந்தும். ஈப்போவை மூன்றாம் நாள் காலைக்கு வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் கோலாலம்பூர் பக்கம் திரும்புகிறவர்கள் நெடுஞ்சாலையில் தாப்பாவிலிருந்தே நெரிசலில் மாட்டுவார்கள், பழைய சாலையிலேயே இறங்கி வந்துவிடுங்கள்.